கன்னிமார் கரட்டில் நான் சொன்ன சம்மதம்

என் வீட்டுக்காரர் என்னை ஓரிடத்துக்குப் போகலாம் வா என்று அழைத்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். எங்கள் ஊருக்கு மேற்கே மூன்று மைலில் இருந்த கன்னிமார் கரட்டுக்கு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஏழு வருடம் முடிந்திருந்தது. மேட்டூரில் அணை கட்டி முடித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் இருந்தது. அணைத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு அது. கிணற்றுப் பாசனமும் சோளமும் கம்பும் செம்மறி ஆடுகளுமாகப் பிழைத்தோம்.

ஏழு வருடமாக எனக்குக் குழந்தை இல்லை. அதற்காக நான் சுற்றாத கோயில் இல்லை, குடிக்காத கஷாயம் இல்லை. மாமியார் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு அழவாவது செய்திருப்பேன். யாராவது வீட்டில் பிள்ளை பிறந்த செய்தி வந்தால், அதை என்னிடம் மட்டும் சொல்லாமல் மற்ற எல்லோரிடமும் சொல்வார். நான் அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொள்வேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"நாளைக்குக் கரட்டுக்குப் போலாம் புள்ள. கட்டுச்சோறு கட்டிக்க."

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது. "ஆரெல்லாமுங்க?" என்றேன்.

"நாம ரண்டு பேருந்தான். சோறு மட்டும் எச்சாவே கட்டிக்க."

"ரண்டு பேருத்துக்கு எதுக்குங்க அத்தனை?"

"கன்னிமாருக்குப் படைக்கோணுமல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாமியார் தன் பெட்டியைத் திறந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். "நல்ல சீலையாக் கட்டிக்க சாமி" என்றார். எங்கள் பக்கத்தில் குழந்தையையும் சாமி என்போம், கிழவரையும் சாமி என்போம். அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. ஆனால் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதற்கு முன் எனக்கு நினைவில்லை. சேலையை வாங்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஏற்கனவே கட்டியிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக மறுபடி அடுப்பை மூட்டி, வெல்லப்பாகு காய்ச்சிக் கச்சாயமும் சுட்டேன்.

அவரே வண்டியை ஓட்டினார். கிளுவை வேலிக்கு நடுவே போகும் மண்தடம். அறுத்த சோளத்தட்டெல்லாம் போர் போட்டிருந்தார்கள். நான் வண்டியின் பின்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் பார்த்த ஒரு பெண் "எங்கீங்க ஜோடியா?" என்று கேட்டாள். அவர் மாட்டை முடுக்கினார். "சும்மா கரட்டுக்குங்க" என்று நான்தான் உரக்கச் சொன்னேன். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்றிருந்தது.

கன்னிமார் கரடு பெரிய ஏற்றம் இல்லாத சின்னக் குன்று. மலை என்று சொல்லக் கூச்சப்பட வேண்டும். பொங்கல் முடிந்து பூ நோம்பி அன்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் ஆவாரம்பூப் பறிக்க அங்கேதான் போவார்கள். நடக்கப் பழகிய குழந்தையும் ஏறிவிடும். அடியிலிருந்து சரிவான வெறும் பாறை. அதில் யாரோ எப்போதோ கால் வைக்கும் அளவுக்குக் குழி குழியாகக் கொத்தி வைத்திருந்தார்கள். ஆனால் மேலே போகப் போக இரண்டு பக்கமும் கற்கள் நிற்கும் பாருங்கள், அதைப் பார்த்தால்தான் பயம் வரும். வீட்டைவிடப் பெரிய உருண்டைகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். குதிர்ப்பாறை என்று ஒன்று, தவசம் கொட்டும் குதிர் போலவே அடி பெருத்து வாய் சிறுத்து நிற்கும். தவளைப்பாறை என்று ஒன்று. ஒரு கோழி முட்டையை விரல் நுனியில் நிறுத்தினாற்போல ஒரு பெரிய கல் சின்னக் கல்லின் மேல் நிற்கும். அது எந்த நிமிடமும் உருண்டுவிடும் என்று தோன்றும். உருண்டதே இல்லை.

வண்டி மாட்டை வேலாமரத்தில் கட்டிவிட்டு ஏறினோம். மற்ற நாளில் அவர் முன்னே போக நான் பத்தடி பின்னால் போவேன். அன்று சேர்ந்து நடந்தார். ஓரிடத்தில் பாறை கொஞ்சம் வழுக்கும். அங்கே நின்று கையை நீட்டினார். பகல் வெளிச்சத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. சின்ன வயதில் அந்தச் சரிவில் ஆவாரந்தழையை அடியில் வைத்துச் சறுக்கி, தொடையெல்லாம் தோல் உரிந்து, வீட்டில் காட்டப் பயந்து மூன்று நாள் நொண்டியதைச் சொன்னார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். குதிர்ப்பாறை நிழலில் நின்று கீழே எங்கள் ஊரைக் காட்டினார். பனைமரக் கூட்டத்துக்கு நடுவே ஓலைக் கூரைகள் தெரிந்தன. "அதா, அந்த மூலையில இருக்குது பாரு, நம்மூடு" என்றார். நம்மூடு என்று சொன்னார். நான் அதை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த அரை மணி நேரம் என்னைக் குழப்புகிறது. மேலே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதர் அப்படிச் சிரிக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது. ஒருவேளை அந்தச் சிரிப்பு உண்மையாகவும் இருந்திருக்கலாம். அப்படி நினைக்கும்போதுதான் எனக்கு அவர்மேல் அதிகக் கோபம் வருகிறது.

மேலே ஒரு பெரிய பாறை முன்னால் கவிந்து கூரை போல நிற்கும். அதன் நிழலில் கன்னிமார். சிலை ஒன்றும் கிடையாது, மஞ்சள் பூசிய ஏழு கற்கள்தான். அந்த நிழலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் மாமியாரின் தங்கை. மோகனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு விதவை, தோளில் துண்டு போட்ட ஒரு நடுவயது மனிதர், பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண்.

"அட, நீங்களும் இங்கதானுங்களா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு நடிக்க வராது. ஆனாலும் நான் நம்பினேன்.

"கன்னிமாரக் கும்புடலாமுன்னு வந்தோம் கண்ணு" என்றார் சின்ன மாமியார். அந்த விதவை அவருக்குத் தூரத்து உறவு என்றும், துண்டு போட்டவர் அவளுடைய அண்ணன் என்றும், பெண் அவளுடைய மகள் என்றும் சொன்னார். ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்களே என்று நான் சந்தோஷமாகத் தூக்குப்போசியைத் திறந்தேன். எச்சாகக் கட்டச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன். யாரும் நிமிரவில்லை. கொண்டுபோன இலைகளைப் போட்டு எல்லோருக்கும் பரிமாறினேன். பெண்ணின் மாமன் கச்சாயத்தைத் தின்றுவிட்டு, "மூத்தவிய கைப்பக்குவம் நல்லா இருக்குது" என்றார். யாருக்கு மூத்தவள் என்று நான் கேட்கவில்லை. அந்த விதவையைவிட நான் வயதில் சின்னவள். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தின்னவில்லை.

தண்ணீர் தீர்ந்துவிட்டது. சுனை பின்பக்கம். இரண்டு பெரிய கற்களுக்கு நடுவில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, அதன் வழியாகப் போக வேண்டும். நான் சொம்பை எடுத்தபோது, "நானும் வாரனுங்க்கா" என்று அவள் எழுந்தாள். அவள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

சந்துக்குள் குளிர்ச்சியாக இருந்தது. தோள் இரண்டும் கல்லில் உரசும். சுனையில் குனிந்து சொம்பை அமுக்கினேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்:

"அக்கா, நீங்க வேண்டாமுன்னு சொல்லிருங்க்கா."

"என்னத்தைக் கண்ணு?"

"எனக்கு ரண்டாந்தாரமாப் போக மனசில்லீங்க்கா. மாமனுக்குப் பயந்துக்கிட்டு எங்கம்மா ஒத்துக்கிச்சு. ஆனா உங்க வாயால சரின்னு சொன்னாத்தான் பொண்ணக் குடுப்பேன்னு ஒரே முட்டாச் சொல்லிப்போட்டுது. நீங்க வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொன்னா நின்னுரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சொம்பு கையிலிருந்து நழுவிச் சுனைக்குள் போயிற்று. அவள்தான் கையை விட்டு அதை எடுத்து, நிரப்பி, என் கையில் கொடுத்தாள். அப்போது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பாவம் என்று பார்த்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், விற்கப்படும் ஆட்டைப் போல அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவள், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

நாங்கள் திரும்பும்போது சந்தின் வாயில் அவர் நின்றிருந்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்து போனாள். அவர் என்னை மட்டும் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. வயலுக்கு எரு அடிப்பதைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்.

"சொல்லிப்போட்டாளா? சரி. நானே சொல்லலாமுன்னுதான் இருந்தேன். நீ சரின்னு சொன்னீன்னா நம்மூட்டுல எப்பவும் நீதான் மூத்தவ. சாவி உன்ற இடுப்புலயே இருக்கும். வேண்டாமுன்னா சொல்லு, நாளைக்கே வண்டிய உன்ற பொறந்த ஊட்டுக்குத் திருப்பறேன்."

என் பிறந்த வீட்டில் அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. அண்ணனும் அண்ணன் மனைவியும் நான்கு பிள்ளைகளும். நோம்பிக்குப் போனாலே மூன்றாம் நாள் "எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்கும் வீடு.

கன்னிமாரின் முன்னால் எல்லோரும் நின்றார்கள். விதவை என் எதிரே வந்தாள். அவளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர்களில் என்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

"அம்மிணி, என்ற புள்ள நாளைக்கு உங்ககிட்ட வந்து அடியும் பேச்சும் வாங்கக்கூடாது. அதுக்குத்தான் கேக்கறேன். மனசாரச் சொல்லோணும். உங்களுக்குச் சம்மதந்தானுங்களா?"

அந்தப் பெண் பாறையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சம்மதமுங்க" என்றேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. கவிந்த பாறையில் பட்டு நன்றாகவே கேட்டது.

பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. ஆனால் பயம் பாதிதான். மீதியைச் சொல்ல இந்த வயதிலும் நாக் கூசுகிறது. அந்தப் பெண் என்மேல் பரிதாபப்பட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கு விதித்ததை இவள் மட்டும் வேண்டாம் என்று உதறிவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான். அவள் வாழ்க்கைக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள் அழவில்லை. குனிந்து, நாங்கள் தின்ற எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

இறங்கும்போது அவர் முன்னே போனார். பாறை வழுக்கும் இடத்தில் நான் உட்கார்ந்து நகர்ந்து இறங்கினேன். மாமியாரின் சேலை பின்பக்கம் கிழிந்தது. வண்டியில் ஏறின பிறகு, "இதைய ஊட்டுலயே கேட்டிருக்கலாமல்லங்க?" என்றேன். அன்று நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ஊட்டுல கேட்டா நீ அழுவே. அக்கம்பக்கத்துல கேக்கும்" என்றார். "கரட்டுலன்னா ஆரு இருக்கறா?"

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் நான்தான் எல்லோரையும் வாங்க என்று வரவேற்றேன். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல முடியாது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்குள் அவளுக்கு ஒரு மகன், அடுத்து ஒரு மகள். பிள்ளைகள் என்னைப் பெரியம்மா என்றார்கள். நான் அவர்களைக் குளிப்பாட்டினேன், தூக்கினேன், எனக்கு அவர்கள்மேல் பாசமும் இருந்தது. அவள் என்னிடம் சண்டை போட்டதே இல்லை. "அக்கா, உப்புத் தீந்துபோச்சுங்க", "அக்கா, மாடு கன்னு போடறாப்பல இருக்குதுங்க". இப்படி வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும். ஏழெட்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒரு தடவைகூட அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று நடந்தது. ஊர் என்னைப் புகழ ஆரம்பித்தது. கரட்டில் யாரும் இல்லை என்று அவர் சொன்னாரே, ஆனாலும் அந்தப் பேச்சு எப்படியோ ஊர் ஊராகப் போய்விட்டது. என் சின்ன மாமியார்தான் சொல்லியிருக்க வேண்டும். "அந்தக் கவுண்டச்சி கன்னிமாரு முன்னால நின்னு சம்மதமுன்னு சொன்னாளாம். தங்கமான மனசு." கல்யாண வீடுகளில் பெண்கள் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். பிள்ளையில்லாத மருமகள் இருக்கும் வீட்டு ஆண்கள் என்னை மிகுந்த மரியாதையோடு கும்பிட்டார்கள். ஏழு வருடம் மலடி என்று ஒதுக்கியவர்கள் இப்போது சீமந்தத்துக்கு முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். தாம்பூலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

யுத்தம் முடியும் சமயத்தில் ஒரு நாள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளுக்கு இருபது வயது இருக்கும். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். இவள் சம்மதிக்க மாட்டேன் என்று சோறு தின்னாமல் கிடக்கிறாளாம்.

"நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க சாமி. உங்களாட்டம் பெரிய மனசு இவளுக்கும் வரட்டும்" என்றார் அந்த மாமியார்.

அவருக்குத் தின்னக் கடலையும் குடிக்க மோரும் கொடுத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப் போனேன். கன்னம் ஒட்டிப்போய் இருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாமுன்னே சொல்லு. எந்தக் காலத்துலயும் சரின்னு சொல்லாத" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். எனக்கு அன்றைக்கு மனம் லேசாக இருந்தது. ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டேன் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

அவள் நான் சொன்னபடியே நின்றாள். அவர்கள் ஒரு மாதத்தில் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மகனுக்கு வேறு கல்யாணம் செய்துவிட்டார்கள். இவள் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை. கேட்டது வெறும் ஒப்புக்கு. அடுத்த வருடம் சந்தையில் அவளைப் பார்த்தேன். அண்ணன் தோட்டத்தில் கூலிக்காரிகளோடு சேர்ந்து களை வெட்டுகிறாளாம். கையெல்லாம் காய்த்துக் கிடந்தது. நான் கிட்டே போனேன்.

"நீங்க மட்டும் சரின்னு சொல்லிப்போட்டு ஊட்டோட இருக்கறீங்க. எனக்கு மட்டும் எதுக்குங்க அப்புடிச் சொன்னீங்க?" என்றாள். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? கம்பு புடைத்துக்கொண்டிருந்த இளையவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலேயே கேட்டாள். நான் முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்குச் சொல்லாத வார்த்தையக் கொண்டுபோய் அவளுக்குச் சொன்னீங்களாக்கும்" என்றாள்.

அதில் கோபம் இல்லை. கோபம் எப்போதோ ஆறிப்போய், இறுகிக் கிடந்தது அவ்வளவுதான். நான், "பயந்துட்டேன் கண்ணு" என்று ஆரம்பித்தேன். மீதிப் பாதியையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உடுங்க்கா. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்து போனாள்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் எங்கள் இருவருக்கும் தனித்தனி அடுப்பு போட்டுக் கொடுத்திருக்கிறான். என் கண்ணில் புரை விழுந்த பிறகு காலையிலும் மாலையிலும் சோற்றை அவள்தான் கொண்டுவந்து வைக்கிறாள். சூடாகத்தான் இருக்கிறது. வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை அவள் நிற்பதில்லை.